நடுப்பாலத்தில் நிற்காதே

பெட்டியைப் பிரித்ததும் பசை நாற்றம் மூக்கில் ஏறியது. மணம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் நாற்றம் என்றே எழுதுகிறேன். மேட்டுப்பாளையத்து அட்டைப்பெட்டி கம்பெனியில் நாம் இரண்டு பேரும் வருஷக்கணக்காக முகர்ந்த அதே பசை, அதே ஈர அட்டை. சென்னைப் பதிப்பகத்தார் நம் 'வாய்க்கால்' ஆட்டத்தைப் பெரிய அளவில் அச்சடிக்கப் போகிறார்கள். அதன் மாதிரிப் பெட்டியைத்தான் போன திங்கட்கிழமை கூரியரில் அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம். விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு, 'எனக்குப் பிடித்த வியூக ஆட்டங்கள்' என்று நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.

வெள்ளி போய் ஞாயிறும் வந்துவிட்டது, அந்த ஒரு பக்கம் இன்னும் எழுதி முடியவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நீ போன எட்டு மாதத்தில் ஒரு நாளும் உன்னைத் திட்டியதில்லை. அழுதிருக்கிறேன், உன் வீட்டுத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது திட்டப் போகிறேன், முழுசாகக் கேட்டுக்கொள்.

திங்கட்கிழமை நல்லபடியாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆட்டம் வடிவமைக்கிறவர்களைக் கேட்டால் முதலில் சதுரங்கத்தைச் சொல்லிவிடுவார்கள், வாத்தியாருக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி. நான் எழுதவில்லை. இரண்டு பக்கமும் ஒரே படை, ஒரே பலம். அதில் எனக்கு அவ்வளவு ருசி கிடையாது. முதலிடம் ஆடுபுலிக்குத்தான். மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் சமம் என்று ஆட வைத்தவன் எவனோ, அவன் காலில் விழுவேன்.

அதை எழுதும்போது நீதான் வந்தாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழிவு அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, ஆட்டுக்கு பாட்டில் மூடியும் புலிக்கு மெஷினில் கழன்ற நட்டும் வைத்து ஆடுவோம். நான் அட்டையின் தரத்தைச் சரிபார்க்கும் பிரிவு, நீ அட்டையை வெட்டும் டை மெஷின். சாப்பாட்டு மணி அடித்ததும் கை கழுவாமல் ஓடி வருவாய். எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் கேட்பாய். "ஆட்டுக்குத்தான் மூள வேணும், புலிக்குப் பசி இருந்தா போதும்" என்பாய். அப்போதெல்லாம் என்னை வரிசையாகத் தோற்கடித்தாய். நான் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே கத்துவேன். அந்த நாட்களில் உன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

இரண்டாவது, பெலோத் என்கிற பிரெஞ்சுச் சீட்டாட்டம். உங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாவும் அவர் மச்சானும் ஒரு பக்கம், நாம் இரண்டு பேரும் கூட்டாளிகளாய் இன்னொரு பக்கம். முப்பத்திரண்டே சீட்டு. துருப்பு விழுந்துவிட்டால் ஜாக்கி ராஜாவையே தூக்கிச் சாப்பிடும். அந்த ஒரு விதிக்காகவே எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். நீ யாரிடம் எந்தச் சீட்டு மிச்சம் இருக்கிறது என்று கடைசிவரை தலைக்குள் வைத்திருப்பாய். வயசானவர்கள் என்று ஒரு கை விட்டுக்கொடுத்ததில்லை. தாத்தா சீட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஏ மதாம், நீ பட்டாளத்துல இருந்திருக்கணும்" என்றார் ஒரு நாள். உனக்கு அதில் எவ்வளவு பெருமை. ஒரு வாரம் என்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

இப்போது யோசித்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. எண்பது வயசுக் கிழவருக்கு ஒரு சீட்டு விடாதவள், வாய்க்காலில் என்னிடம் மட்டும் எப்படி வாரா வாரம் தோற்றாள் என்று எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை?

மூன்றாவதாகத் தாயம் எழுதினேன், அதிர்ஷ்ட ஆட்டம் என்று சொல்லுகிறவர்களோடு சண்டை போடுவதற்காகவே. விழுவது நம் கையில் இல்லை, எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. நான்காவதாக வெட்கத்தை விட்டு என் ஆட்டத்தையே எழுதினேன். பிடித்த ஆட்டம் என்றால் பிடித்த ஆட்டம்தானே.

வாய்க்கால் பிறந்த கதை உனக்குத் தெரியாததில்லை. நம் ஊர்த் தெருக்கள் கட்டம் கட்டமாய்க் கிடப்பதையும் நடுவில் பெரிய வாய்க்கால் ஓடுவதையும் பார்த்து, 'இதையே பலகையாகப் போட்டால் என்ன' என்று கேட்டேன். நீ மறுநாளே அட்டையில் பலகையை வெட்டிக்கொண்டு வந்தாய். கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர், ஆளுக்குப் பத்துக் காய். வாய்க்காலின் மேல் மூன்று பாலம். ஆறு காயை முதலில் அக்கரை சேர்த்தவர் ஜெயித்தார். சொந்தக் காயைத் தாண்டிப் போகலாம். எதிராளியின் இரண்டு காய் அடுத்தடுத்து நின்றால் தாண்ட முடியாது. அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் நாளே நீ சொன்னாய், "நடுப்பாலத்துல நிக்காத, மாட்டிப்ப" என்று. ஒரே ஒரு தடவை நான் நின்று பார்த்தேன். நீ உடனே நாலு காயை வடக்குப் பாலத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போனாய். நான் மிரண்டு பின்வாங்கினேன். அத்தோடு சரி. சோதித்துப் பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் ஆடச் சொல்லிக்கொடுத்தவள் நீ. விதியைச் சொல்லி முடித்ததும் கடைசியாக இதையும் சொல்வாய். நான் அதை விதிப் புத்தகத்தில் 'அனுபவசாலியின் யோசனை' என்று தடித்த எழுத்தில் போட்டேன். நாம் கையால் செய்து கடற்கரைச் சாலையில் விற்ற பெட்டிகளில் எல்லாம் அது இருக்கிறது. வாங்கியவர்கள் அனைவரும் அதைப் படித்துவிட்டு நடுப்பாலத்தில் கால் வைக்காமல் ஓடினார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் மாதிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். உன் வீட்டுக்காரர் டெம்போவை விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஆட்டப் பலகையைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிற மனுஷன், நாம் ஆடும்போது டீவியின் சத்தத்தைக் கூட்டுகிற மனுஷன், பெட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டார். துக்கத்தில் கேட்கிறார், பாவம் என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் நடையை அவருக்கே கொடுத்தேன்.

அவர் ஐந்து நடையில் இரண்டு காயைக் கொண்டுபோய் நடுப்பாலத்தில் அடுத்தடுத்து நிறுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, நடுப்பாலத்துல நிக்காதீங்க. மாட்டிப்பீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கிண்டலே இல்லாமல், வெகுளியாகச் சொன்னார். "அது வெளியாளுங்களுக்குச் சொல்றதும்மா."

அதற்குப் பிறகு அவர் அந்த இரண்டு காயைத் தொடவே இல்லை. மற்ற காய்களை அவற்றின் மேலே தாண்டித் தாண்டி அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தார். நானோ வடக்குப் பாலத்துக்கும் தெற்குப் பாலத்துக்கும் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். நாலு காய்தான் கரை சேர்ந்தது, ஆட்டம் முடிந்துவிட்டது. இன்னொன்று போடலாம் என்றேன். மறுபடியும் முதல் நடை அவருக்கு, அதே ஐந்து நடை, மறுபடியும் தோற்றேன். மூன்றாவதில் என்னால் முடிந்த எல்லாத் தந்திரமும் செய்தேன். பத்து வருஷத்துக்கு மேல் நான் திருத்தித் திருத்திச் செய்த ஆட்டத்தில், முதல் நடை யாருக்கோ அவருக்கே வெற்றி என்று ஒரு டெம்போ டிரைவர் மூன்று முறை எனக்குக் காட்டினார்.

எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் தப்புச் செய்துவிட்டவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்ககிட்ட தோத்துட்டு வந்தா அவளுக்குச் சோறு எறங்காதும்மா. என்னைப் புடிச்சு ஒக்கார வச்சு, ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டுதான் தட்டே வைப்பா. நானும் எத்தினி நாள் தோக்கறது? அதனால இந்த அஞ்சு நடைய மட்டும் சொல்லிக் குடுத்தா. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது, அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"மொத ஆட்டத்த நீங்க கிழிச்சுப் போட்டீங்களாமே. அதுலேர்ந்து பயந்துட்டா."

ஆமாம், கிழித்தேன். மறுக்கவில்லை. வாய்க்காலுக்கு முன்னால் நான் செய்த முதல் ஆட்டத்தை, சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் அதில் ஓட்டை கண்டுபிடித்து, ஊறுகாயை நக்கிக்கொண்டே, "இதுல மொதல்ல ஆடுறவதான் ஜெயிப்பா, சும்மா வெளையாட வேண்டியதே இல்ல" என்றாய். நான் பலகையை நாலாகக் கிழித்துக் கழிவுத் தொட்டியில் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் எந்த ஆட்டத்தையும் தொடவில்லை. உன்னிடமும் சரியாகப் பேசவில்லை. சின்னத்தனம்தான். ஆனால் கிழித்தது ஒரு ஆட்டம், ஒரு தடவை. அதற்காக ஒருத்தியை ஆயுசு முழுக்க மண்பானையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருப்பாயா? நான் உனக்குத் தோழியா, நோயாளியா?

வேலையை விட்டுவிட்டு ஆட்டம் செய்யப் போகிறேன் என்று நான் கிளம்பியபோது என் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பைத்தியம் என்றார்கள். அப்போது நான் நம்பியது உன் ஒருத்தியின் வார்த்தையை. "நல்லாத்தான் இருக்கு, விடாம செய்" என்றாய். அந்த வார்த்தையில்தான் நான் இத்தனை வருஷமும் நின்றேன். இப்போது அதில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு பயம் என்று நான் யாரைக் கேட்பது? ஆட்டம் வடிவமைக்கிறவளுக்குத் தோற்கடிக்கிற ஆள்தான் கண். என் கண்ணைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்து நடத்தியிருக்கிறாய். நடத்திவிட்டுப் பாதி வழியில் போயும் விட்டாய்.

இதில் என்னால் பொறுக்கவே முடியாதது ஆஸ்பத்திரியில் நடந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது உனக்கு. கட்டிலின் மேல் அட்டையை வைத்து ஆடுபுலி ஆடினோம். நீ வழக்கம்போல ஆடு. உன் ஆடு ஒன்று அநாதையாக நின்றது, என் புலி தாண்டினால் முடிந்தது. எனக்கு மனசு வரவில்லை, வேறு பக்கம் நகர்த்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் திறந்து பார்த்தாய். பார்த்துவிட்டு, ஊசி குத்திய கையாலேயே காய்களை எல்லாம் தரையில் தள்ளினாய்.

"எனக்கு எரக்கப்பட்டு ஆடாதடி. ஆடுறதுன்னா ஆடு, இல்லன்னா எழுந்து வீட்டுக்குப் போ."

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூடிகளைப் பொறுக்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். கேட்டது மட்டுமா, உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். சாகக் கிடக்கிறபோதும் ஆட்டத்தில் பொய் பொறுக்காதவள் என்று உன் பதினாறாம் நாள் காரியத்தில் பத்துப் பேரிடம் சொன்னேன். உன் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றார். அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றார். உனக்கு ஒரே ஒரு தடவை செய்ததற்கு அவ்வளவு கோபம் வருமென்றால், எனக்கு எவ்வளவு வரவேண்டும், நீயே சொல்.

வீட்டுக்கு வந்து சோதனை நோட்டை எடுத்தேன். வாய்க்கால் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் ஜெயித்தது, ஏன் ஜெயித்தது என்று நானே எழுதி வைத்த நோட்டு. உன்னோடு ஆடிய பக்கங்களை மட்டும் புரட்டினேன். நான், நான், நான். வெளியாட்கள் வந்தபோது கலந்து இருக்கிறது. உன்னோடு ஆடியதெல்லாம் நான். பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட நோட்டை வேறு யாராவது எழுதிக் காட்டியிருந்தால், இது சரியில்லை, போய் வேறு ஆளை வைத்துச் சோதி என்று சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு இடத்தில் 'அவள்' என்று இருந்தது. பக்கத்தில் 'எனக்குத் தலைவலி' என்று காரணம் எழுதியிருக்கிறேன். அது எந்த நாள் என்று யோசித்தேன், நினைவு வந்தது. அதற்கு முந்தின நாள் கடற்கரைச் சாலையில் நம் கடைக்கு வந்த ஒரு பெரிய மனுஷரிடம், ஆட்டம் முழுக்க என் மூளை என்றும், நீ பெட்டி ஒட்ட உதவிக்கு வந்தவள் என்றும் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று காய்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் வந்தாய், உட்கார்ந்தாய், நடுப்பாலத்தைத் தொடாமலே என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு எழுந்து போனாய். என் மேல் கோபம் இருந்த ஒரு நாளில்தான் நீ எனக்கு மரியாதை கொடுத்து ஆடியிருக்கிறாய். நான் அதற்குத் தலைவலி என்று பெயர் வைத்தேன்.

அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்.

வியாழக்கிழமை காலையில் பதிப்பகத்துக்குப் போன் செய்து அச்சை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பையனுக்குப் புரியவில்லை. "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் கொறை சொல்லலையே மேடம்" என்றான். குறை சொல்ல முடியாதபடி ஒருத்தி காவல் இருந்தாள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அதையும் மீறி நடுப்பாலத்தில் நின்றவர்கள் யாராவது இருந்திருப்பார்கள். அவர்கள் ஜெயித்திருப்பார்கள். ஜெயித்தவன் எங்கே புகார் எழுதினான்? பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆட்டத்தை எடுத்துக்கொள்வார்களாம்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு விதி சேர்த்தேன். பாலத்தின் மேல் எந்தக் காயும் மூன்று நடைக்கு மேல் நிற்கக்கூடாது. தடித்த எழுத்தில் இருந்த உன் யோசனையை அடித்துவிட்டேன். பேனா அட்டையைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி அடித்தேன். விதி சரிதானா என்று சோதிக்க ஆள் வேண்டும். அந்த ஐந்து நடை தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். இன்று காலை உன் வீட்டுக்காரரைச் சாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வந்தார்.

அவர் தன் ஐந்து நடையை ஆடினார். நான் பொறுமையாக இருந்தேன். மூன்று நடை கழித்து, காயை எடுங்கள் அண்ணே என்றேன். எடுத்தார். எடுத்த காயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நீ அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாலம் திறந்தது, என் காய்கள் அக்கரை போயின. நாலு ஆட்டம் ஆடினோம். இரண்டில் அவர் தட்டுத் தடுமாறி ஜெயித்தார், இரண்டில் நான். ஓட்டை அடைபட்டுவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆட்டத்தில் அவர் தெற்குப் பாலத்தைச் சும்மா விட்டது ஏன்? தெரியாமல் விட்டாரா?

"அண்ணே, நெசமாத்தானே ஆடுனீங்க?"

"நெசமாத்தாம்மா" என்றார்.

நீயும் இதைத்தான் சொல்வாய், இதே நிதானமான குரலில், கண்ணைப் பார்த்து. அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். நான் நோட்டில் அவர் ஜெயித்த இரண்டு ஆட்டத்தை உடனே எழுதினேன். நான் ஜெயித்த இரண்டை இன்னும் எழுதவில்லை. நாளைக்கு என்னைத் தெரியாத யாரையாவது, எனக்குப் பயப்பட அவசியமில்லாத யாரையாவது பிடித்து மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டும்.

நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது இதுதான். தோற்றால் நம்புகிறேன், நிம்மதியாக இருக்கிறது. ஜெயித்தால் எதிரே இருப்பவரைச் சந்தேகப்படுகிறேன். இனி இப்படித்தான் இருப்பேன் போலிருக்கிறது. அந்த நோட்டில் நான் ஜெயித்ததாக என் கையாலேயே எழுதியிருக்கும் அத்தனை ஆட்டத்தில், ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, நிஜமாக நான் ஜெயித்ததா? அதைத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். சொல்லாமல் போய்விட்டாயே.